பெரியப்பாவுக்கு விக்கிப்பீடியாவில் ஏன் இடம் கிடைக்கவில்லை?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவரின் பெரியப்பா ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். வாழ்நாளெல்லாம் கற்பித்தவர், பாடநூல் ஒன்றும் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் எழுதியவர். அவரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் இவர் எழுதிய கட்டுரையை, ‘குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை’ என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். போதாததற்கு, இவருடைய பேச்சுப் பக்கத்தில் நலமுரண் (எழுதப்படுபவரோடு எழுதுபவருக்கு உள்ள தொடர்பு நடுநிலையைக் கெடுப்பது) பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ‘ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. அவரைப் பற்றி என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இரண்டு படத்தில் தலைகாட்டியவர்களுக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே’ என்று கேட்கிறார். நீக்கிய சூடு ஆறுமுன், பணம் கட்டினால் கட்டுரையை மீட்டுத் தருவதாக ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறதாம்.

மின்னஞ்சலிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். பணம் கட்டாதீர்கள்.

2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே மூச்சில் 381 கணக்குகளைத் தடைசெய்து, 210 கட்டுரைகளை நீக்கியது. முதலில் பிடிபட்ட கணக்கின் பெயரால் இதை ‘ஆரஞ்ச்மூடி’ விவகாரம் என்பார்கள். அந்தக் கும்பல், யாருடைய வரைவு நிராகரிக்கப்படுகிறது, யாருடைய கட்டுரை நீக்கப்படுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தது. இந்தப் பதிவுகள் எவரும் பார்க்கக்கூடியவை. இரகசியம் ஒன்றும் இல்லை. பிறகு உரியவரைத் தேடிப் பிடித்து, நாங்கள் அனுபவமிக்க விக்கிப்பீடியர்கள், நிருவாகிகள் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டது. கட்டுரை ஏறியபின் அதை ‘நீக்காமல் பாதுகாக்க’ மாதாமாதம் கப்பம் வேறு. பணம் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது நீக்கப்பட்ட கட்டுரைதான். உங்களுக்கு வந்த மின்னஞ்சல் அதே கும்பலிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் வழி அதே வழி. கட்டுரை நிலைத்திருக்கும் என்று யாரும் யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. உத்தரவாதம் கொடுப்பவர் தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார்.

பணம் வாங்கி எழுதுவதே குற்றமா என்றால் இல்லை. 2014 ஜூன் மாதத்திலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள், கூலிக்கு எழுதுபவர் தன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கின்றன. அந்த மின்னஞ்சலை அனுப்பியவரிடம், ‘உங்கள் விக்கிப்பீடியா பயனர் பெயர் என்ன, இந்த வேலைக்கான அறிவிப்பை எந்தப் பக்கத்தில் இடுவீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

இனி உங்கள் பெரியப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்பவை ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறைகள். மற்ற மொழிப் பதிப்புகள் தத்தமக்கென விதி வகுத்துக்கொள்கின்றன. கண்டிப்பில் ஏற்ற இறக்கம் உண்டே தவிர அடிப்படை மாறுவதில்லை.

நீக்கியவர் உங்கள் பெரியப்பாவை எடைபோடவில்லை. அவர் எடைபோட்டது உங்கள் அடிக்குறிப்புகளை. ஒருவரைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாதவர்கள், நம்பத்தகுந்த வெளியீடுகளில், ஓரளவு விரிவாக எழுதியிருக்கிறார்களா? பொது விதி கேட்பது இவ்வளவுதான். நேர்மை, உழைப்பு, மாணவர்களின் அன்பு எதுவும் இந்தக் கணக்கில் வராது. கொடுமையாகத் தோன்றும். ஆனால் இங்கே தலைமை ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. சம்பளம் வாங்கும் சரிபார்ப்பாளரும் இல்லை. முகம் தெரியாத ஒரு தன்னார்வலர், முகம் தெரியாத இன்னொருவர் எழுதியதைப் படித்து, இது உண்மையா என்று முடிவு செய்ய வேண்டும். அவரால் உங்கள் பெரியப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க முடியாது. வேறு யாராவது, ஆதாயம் எதுவும் இல்லாத ஒருவர், முன்பே விசாரித்து எழுதிவைத்திருந்தால்தான் அவருக்குப் பிடிமானம்.

நீங்கள் 14 மேற்கோள்கள் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கல்லூரியின் இணையதளம் நான்கு இடத்தில் வருகிறது; அவர் வேலை பார்த்த இடம், ஆகவே சார்பற்றது அல்ல. அவர் எழுதிய பாடநூலின் முன்னுரை, அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மூன்று. இவை அவர் எழுதியவை, அவரைப் பற்றி எழுதப்பட்டவை அல்ல. பணி ஓய்வு விழாவில் மாணவர்கள் வெளியிட்ட மலர். அன்பு நிறைந்தது, அதனாலேயே செல்லாது. ஒரு நேர்காணல், அதில் பேசுபவர் அவரே. ‘சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார்’ என்று ஒரே வரியில் பெயர் வரும் செய்திகள் மூன்று, விரிவு இல்லை. எஞ்சியது ஒன்று: பாடநூலுக்கு ஓர் ஆய்விதழில் வந்த மதிப்புரை. அதுதான் சரியான ஆதாரம். அதைப் பதினோராவது எண்ணில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

மேற்கோள்களைக் குவித்தால் மதிப்பீட்டாளர் மலைத்துப்போய் ஒப்புக்கொள்வார் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. முதல் மூன்றைத் திறந்து பார்ப்பார். மூன்றும் பதராக இருந்தால் மீதியும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவார். நிலுவையில் கிடக்கும் வரைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. சிறந்த மூன்றை மட்டும் கொடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்திபோல வெளியிடும் விளம்பரக் கட்டுரைகள், நிறுவனச் செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட்டவை, ‘சாதனையாளர் 100’ வகைத் தொகுப்புகள் இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பீட்டாளருக்கு ஐயம் கூடுகிறது.

ஆதாரம் விஷயத்தில் இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு டோஸ்டர் கதை ஒன்று போதும். 2012-இல், விக்கிப்பீடியாவை நம்பக்கூடாது என்று வகுப்பில் கேட்ட மாணவர்கள், மின்சார டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் என்று தங்களில் ஒருவரின் பெயரை விளையாட்டாக எழுதிவைத்தார்கள். அடுத்த ஆண்டு ‘அவருக்கு’ ஒரு வாழ்க்கை வரலாறே முளைத்தது, பழங்காலத்துப் புகைப்படம்போலத் திருத்திய படத்துடன். செய்தித்தாள்களும் நூல்களும் அதைப் பார்த்து எழுதின. அவற்றையே கட்டுரைக்கு மேற்கோளாகக் காட்டினார்கள். 2022-இல் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு அந்தப் படத்தின் மேல் ஐயம் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பத்தாண்டுகள்! ஆதாரம் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றினால் இப்படித்தான் ஆகும். நீங்கள் காட்டும் ஆதாரம் விக்கிப்பீடியாவிலிருந்தே பிறந்ததா என்பதையும் மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு படத்தில் தலைகாட்டியவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அது நியாயமான எரிச்சல். ஒரு பகுதி, அந்தக் கட்டுரைகளில் பலவும் இன்னும் யார் கண்ணிலும் படாதவை, நாளை நீக்கப்படலாம். ‘அது இருக்கிறதே’ என்பது நீக்கல் உரையாடலில் எடுபடாத வாதம். இன்னொரு பகுதிதான் உண்மையான குறை. திரைப்படம் வெளியானால் விமர்சனம் எழுதப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் நடப்பதை எழுத யாரும் காத்திருப்பதில்லை. உலகம் யாரைக் கவனித்ததோ அவர்களுக்கே கலைக்களஞ்சியத்திலும் இடம் கிடைக்கிறது. உலகத்தின் ஓரவஞ்சனையும் சேர்ந்தே உள்ளே வருகிறது. 2014 இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறத்தாழ 15 விழுக்காடுதான். அதை மாற்றவே 2015-இல் ஒரு தன்னார்வக் குழு கிளம்பியது. நிலைமை தேறியிருக்கிறது, சரியாகிவிடவில்லை.

கல்வியாளர்களுக்கு நேரும் இந்த அநியாயத்தை விக்கிப்பீடியர்களும் உணர்ந்திருப்பதால், அவர்களுக்கென்று தனி வாசல் ஒன்று உண்டு. அதன் வழியே போனால், அவரைப் பற்றி நாளிதழில் விரிவாக எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய ஆய்வு அத்துறையில் மற்றவர்களால் பெருமளவு மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறதா? தெரிவில் கண்டிப்பான தேசிய அளவிலான அறிவியல் கழகம் ஒன்று அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததா? பல்கலைக்கழகத்தில் ஒருவர் பெயரால் நிறுவப்பட்ட உயர்நிலைப் பேராசிரியர் இருக்கையில் இருந்தாரா, அல்லது ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைமை வகித்தாரா? துறையின் முக்கிய ஆய்விதழுக்குத் தலைமை ஆசிரியரா? அவருடைய பாடநூல் பல உயர்கல்வி நிறுவனங்களில் பாடமாக இருந்ததா? ஏதாவது ஒன்று போதும், ஆதாரத்தோடு. உங்கள் பெரியப்பாவுக்குப் பொருந்தக்கூடியது கடைசிக் கேள்வி என்று தோன்றுகிறது. மதிப்புரையோடு, வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் அந்நூல் இடம்பெற்றதைக் காட்ட முடிந்தால், வாதாட இடம் இருக்கிறது. கட்டுரையில் அந்த நூலுக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. பரிசளிப்பு விழாக்களுக்குக் கொடுத்தது இரண்டு பத்தி.

இந்த வாசலையும் காவலர்கள் எப்போதும் சரியாகத் திறப்பதில்லை. டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய வரைவு ஒன்றை 2018 மே மாதம் ஒரு மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பினார்; கொடுத்த மேற்கோள்கள் தகுதியைக் காட்டவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 55 ஆண்டுகளில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண். அன்றுதான் அவருக்குக் கட்டுரை வந்தது. பரிசுக்கு முன்பே, 2013-இல், ஆப்டிகல் சொசைட்டி என்ற ஒளியியல் அறிஞர் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தவர். கல்வியாளர் விதியை ஒழுங்காகப் படித்திருந்தால் மே மாதமே உள்ளே விட்டிருக்கலாம். வரைவை எழுதியவரும் அந்தத் தகுதியை முன்னால் நிறுத்தவில்லை, பார்த்தவரும் தேடவில்லை. என் கணிப்பில் பழி இருவருக்கும் உண்டு, பார்த்தவருக்குச் சற்றுக் கூடுதலாக.

நலமுரண் பக்கம் வருவோம். உங்களுக்கு அதிகம் உறுத்தியது அதுதான் என்று தெரிகிறது. அந்த எச்சரிக்கை உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அது காக்கையின் குற்றமா?

உங்கள் கட்டுரையின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன்: ‘தன் வாழ்நாளை மாணவர் நலனுக்கே அர்ப்பணித்து, வேதியியல் கல்வியில் புதிய தடம் பதித்த, அனைவராலும் போற்றப்படும் பேராசிரியர்.’ அர்ப்பணித்தார் என்பது யாருடைய கூற்று? புதிய தடம் எது, அதற்கு முன் இருந்த பழைய தடம் எது? அனைவரும் என்றால் யார்? கேள்விக்குப் பதில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், ‘வேதியியல் பேராசிரியர்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன. நீங்கள் பொய் எழுதவில்லை, சரி. சரிபார்க்கக் கூடியதையும் எழுதவில்லை. தொடர்பில்லாத ஒருவர் எழுதியிருந்தால், எந்த ஆண்டு, எந்த வேதிவினை, எந்த நூல், யார் மதிப்பிட்டார் என்று போயிருப்பார். சேர்க்காமல் விட்டதும் உண்டு. துறைத்தலைவர் பதவி தொடர்பாக ஒரு வழக்கு நடந்ததைக் கேள்வியின் ஓரத்தில் குறிப்பிடுகிறீர்கள். கட்டுரையில் அதைக் காணோம். நீங்கள் வேண்டுமென்று மறைத்ததாக நான் நினைக்கவில்லை. குடும்பத்துக்குள் அது பேசாத விஷயம், அவ்வளவுதான். நலமுரண் வேலை செய்வது இப்படித்தான், சத்தமில்லாமல்.

பெரிய மனிதர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. விக்கிப்பீடியாவின் நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் 2005-இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் கைவைத்தார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறிப்பிட்ட இடங்களைத் திருத்தினார். திருத்த வரலாறு எல்லாவற்றையும் பதிந்து வைக்குமே, மாட்டிக்கொண்டார்; செய்திருக்க வேண்டாம் என்று பிறகு அவரே வருந்தினார். 2006 தொடக்கத்தில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மார்ட்டி மீகனின் அலுவலக ஊழியர்கள் அவருடைய கட்டுரையை மாற்றி எழுதியது வெளிவந்தது. பதவிக்காலத்துக்குத் தானே வரம்பு வைத்துக்கொள்வதாக அவர் கொடுத்து மீறிய வாக்குறுதி அதில் காணாமல் போயிருந்தது. புகழ்ச்சியைச் சேர்ப்பதைவிட இப்படி நீக்குவது ஆபத்தானது, ஏனென்றால் இல்லாததை வாசகர் கவனிக்க மாட்டார்.

பகையும் நலமுரண்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் புனைபெயரில் பல ஆண்டுகள் தன் பக்கத்தை மெருகேற்றிக்கொண்டே, தனக்குப் பிடிக்காத எழுத்தாளர்களின் பக்கங்களைச் சிதைத்துக்கொண்டும் இருந்தார். 2013-இல் ‘சலோன்’ இதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. மகனுக்கும் மருமகனுக்கும் எழுத உரிமை வேண்டும் என்றால், பங்காளிக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டியிருக்கும். யோசித்துப் பாருங்கள்.

உயிரோடிருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளில் கெடுபிடி இன்னும் அதிகமாக இருப்பதற்கு ஜான் சீகன்தாலர் விவகாரம் முக்கியக் காரணம். அவர் பத்திரிகையாளர், ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குப் பங்கிருந்ததாகக் கருதப்பட்டது என்று 2005 மே மாதம் ஒருவர் விளையாட்டுக்காக எழுதிவைத்தார். நான்கு மாதங்கள் அது அப்படியே கிடந்தது. சீகன்தாலர் நவம்பரில் நாளிதழில் கடுமையாகச் சாடி எழுதிய பிறகு, பதிவு செய்யாத பயனர்கள் ஆங்கிலப் பதிப்பில் புதிய கட்டுரை தொடங்கும் வசதி நிறுத்தப்பட்டது. உயிரோடிருப்பவர்களுக்கென்று தனிக் கொள்கையும் வந்தது. ஆதாரமில்லாத சர்ச்சைக்குரிய வரியை, நல்லதோ கெட்டதோ, விவாதம் பேசிக்கொண்டிராமல் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

‘அவரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்’ என்ற கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் உரக்கக் கேட்டுவிட்டார். நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றின் பாத்திரத்துக்கு யார் தூண்டுதல் என்பது விக்கிப்பீடியாவில் தவறாக இருக்கிறது என்று திருத்தச் சொன்னார். எழுதியவர் சொல்வது மட்டும் போதாது, வேறு ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் அவர் ‘நியூ யார்க்கர்’ இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகமே விக்கிப்பீடியாவைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் கடிதம் அச்சானதும் மேற்கோள் கிடைத்துவிட்டது. அவர் சொன்னதும் கட்டுரையில் ஏறியது. அபத்தமாகத் தெரியலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மின்னஞ்சலில் ‘நான்தான் பிலிப் ராத்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதழில் பெயர் போட்டு எழுதினால், சொன்னவர் அவர்தான் என்பதாவது உறுதி.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் உங்கள் பயனர் பக்கத்தில், இன்னாருக்கு நான் உறவினர் என்று ஒரு வரி எழுதுங்கள். உண்மைப் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. உறவு தெரிந்தால் போதும். மறைத்துவிட்டுப் பின்னர் அகப்பட்டால், நல்ல திருத்தங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். வேறொரு கணக்கைத் திறந்து மறுபடி முயல வேண்டாம். நண்பரின் பெயரில் எழுதச் சொல்வதும் அதே கதைதான். கைப்பாவைக் கணக்குகளைக் கண்டுபிடிப்பதில் அங்கே சிலர் கைதேர்ந்தவர்கள்.

நீக்கப்பட்ட உரை அழிந்துவிடவில்லை. நீக்கிய நிருவாகியிடம் மரியாதையாகக் கேட்டால், அப்பட்டமான விளம்பரமோ காப்புரிமை மீறலோ இல்லாதவரை, பெரும்பாலும் வரைவு வெளிக்கு (இன்னும் வெளியிடாத கட்டுரைகளை வைத்துத் திருத்தும் பகுதி) மீட்டுத் தருவார். அங்கே வைத்து, பாடநூலை மையமாக்கித் திருத்தி எழுதுங்கள்; விழாக்களை நீக்குங்கள்; வழக்கைப் பற்றி நம்பகமான செய்தி வெளிவந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொல்லி ஒட்டாதீர்கள். இல்லாத மேற்கோளை இருப்பதுபோல எழுதித் தரும், அத்தகைய பக்கங்களை உடனடியாக நீக்க 2025-இல் தனி விதியே வந்துவிட்டது. முடித்தபின் நேரடியாகக் கட்டுரைவெளிக்கு நகர்த்தாமல், மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். ஒருவேளை ஏற்கப்பட்டால், அதன்பிறகு கட்டுரையில் நீங்கள் கைவைக்க வேண்டாம். பிறந்த ஆண்டு தவறாக இருந்தால்கூடக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், ‘இந்த வரியை இப்படி மாற்றலாம், ஆதாரம் இது’ என்று கோரிக்கை வையுங்கள். வாரக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவதூறு ஏதாவது ஏறினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். நீங்களே நீக்கிவிட்டு, காரணத்தை எழுதிவிட்டு, நிருவாகிகளுக்குத் தெரிவிக்கலாம்.

ஆதாரம் போதவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருடைய நூல்களையும் நினைவுகளையும் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தால், அங்கே விழாக்களுக்கும் மாணவர் கடிதங்களுக்கும் தாராளமாக இடம் உண்டு, யாரும் மேற்கோள் கேட்க மாட்டார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இந்தக் கட்டுரை வேண்டும் என்று உங்கள் பெரியப்பா சொன்னாரா? ஏறிய கட்டுரை அவருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் இல்லை. அந்த வழக்கைப் பற்றி நாளை யாரோ ஒருவர் முழுப் பத்தி சேர்க்கலாம். ஆதாரம் சரியாக இருந்தால் நிற்கும். பிறகு ‘வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்று அவரே எழுதினாலும், தகுதி சந்தேகத்துக்குரியதாகவும் அவர் அதிகம் அறியப்படாதவராகவும் இருந்தால் மட்டுமே அந்த வேண்டுகோளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். தெளிவாகத் தகுதி பெற்றுவிட்டால் எடுக்க மாட்டார்கள். வரைவை மீட்கக் கோருமுன் இதை அவரிடம் விளக்கிச் சொல்லி, சம்மதமா என்று கேட்டுவிடுங்கள்.